ஒரே 796 சிசி, இரண்டு கார்கள்: எஞ்சின் உண்மையில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது?

(இணைய மன்றத்தில் நடந்த ஓர் இழை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இருப்பது பதிவை எழுதியவரின் புனைபெயர்.)

1. பழைய சாவி

எங்கள் வீட்டுக் கொட்டகையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று அப்பா 1988-இல் வாங்கிய மாருதி 800. மற்றது நான் 2020-இல் வாங்கிய ஆல்ட்டோ 800. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டின் பானெட்டையும் திறந்து வைத்துவிட்டு, இரண்டு கையேடுகளையும் மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டிலும் மூன்று சிலிண்டர். இரண்டிலும் 796 சிசி. சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். மயிரிழை வேறுபாடு இல்லை. அப்பா காரில் 40-க்குச் சற்றுக் குறைந்த குதிரைத்திறன், 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. என் காரில் 48, 69. முப்பத்திரண்டு ஆண்டுகளில் டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த நாம் சட்டைப்பையில் உலகத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறோம். எஞ்சினுக்குள் ஒன்பது குதிரைகளைத்தான் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால் வேடிக்கை கூடுகிறது. 1876-இல் ஜெர்மனியில் நிக்கோலாஸ் ஆட்டோ ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு முறைதான் இன்றும். தலைக்கு மேல் இரண்டு கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு என்று இன்றைய விளம்பரங்களில் பெருமையாகப் போடுகிறார்களே, அது 1912-இல் பிரெஞ்சு கிராண்ட் ப்ரீ பந்தயத்தில் வென்ற பெஜோ காரிலேயே இருந்தது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் முறை 1954-இல் மெர்சிடீஸ் 300 எஸ்எல் காரில் வந்துவிட்டது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ 1962-இல் அமெரிக்காவில் ஷோரூமுக்கே வந்துவிட்டது. ஹைபிரிட் கார்களில் பேசப்படும் அட்கின்சன் முறைக்கு வயது 140-ஐத் தாண்டிவிட்டது.

எனவே என் வாதம் இது: எஞ்சினில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. நம் தாத்தாக்கள் கண்டுபிடித்ததையே பேரன்கள் பிளாஸ்டிக் மூடி போட்டு விற்கிறார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

2. கோவைப் பட்டறை

தம்பி, பானெட்டைத் திறந்து கையேட்டைப் படித்தீர்கள். எஞ்சினைக் கழற்றிப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். உங்கள் இரண்டாவது காரில் சிலிண்டருக்கு நான்கு வால்வு. அப்பா காரில் இரண்டுதான். காற்றில் பெட்ரோலைக் கலந்து தரும் கார்புரேட்டரும் போய்விட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நான் 1979-இல் பதினான்கு வயதில் பட்டறைக்கு வந்தவன். அன்றைக்கு எங்களுக்குச் சோறு போட்டது அம்பாசிடரும் ஃபியட்டும். ஒரு அம்பாசிடர் எஞ்சின் 1,489 சிசி, ஐம்பது குதிரையை ஒட்டித்தான் தரும். அந்த ஐம்பதையும் ஒழுங்காகத் தர வைக்க எங்களுக்கு எவ்வளவு வேலை தெரியுமா? மாதத்துக்கு ஒரு முறை பாயிண்ட் தேய்க்க வேண்டும். ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி பார்க்க வேண்டும். டேப்பெட் சத்தம் வந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். மலை ஏறும்போது எஞ்சின் கொதிக்கும். மேட்டுப்பாளையம் தாண்டினால் டிக்கியில் ஒரு குடம் தண்ணீர் இல்லாமல் யாரும் ஊட்டிக்குப் போனதில்லை. முப்பதாயிரம் கிலோமீட்டரில் ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டி வால்வைக் கையால் தேய்த்து உட்கார வைப்போம். அறுபது, எழுபதாயிரத்தில் எஞ்சினை இறக்கிப் போர் போட்டாக வேண்டும், அதாவது தேய்ந்த சிலிண்டரை உட்புறம் கடைந்து பெரிதாக்க வேண்டும். பிஸ்டன் அளவு அங்குலத்தில் ஆயிரத்துக்கு 20, 40, 60 பங்கு என்று ஏறும். அறுபதையும் தாண்டினால் ஸ்லீவ் அடிக்க வேண்டியதுதான். கிலோமீட்டர் மீட்டரில் ஐந்து இலக்கம் மட்டும் வைத்ததற்குக் காரணம் இருந்தது. லட்சத்தை எட்டும்போது அது வேறு எஞ்சின் ஆகியிருக்கும்.

என் பட்டறைக்கு எதிரே போர் போடும் லேத் ஒன்று இரவு பகலாக ஓடியது. இன்று அந்த இடத்தில் கைப்பேசிக் கடை. இப்போது வரும் கார்கள் இரண்டு லட்சம் ஓடிய பிறகும் ஹெட்டைக் கழற்றாமல் ஓடுகின்றன. இது முன்னேற்றம் இல்லை என்றால் என் தொழில் எங்கே போனது?

அந்தக் காலத்து எஞ்சினைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் பின் சீட்டில் உட்கார்ந்து போனவர்கள்.

3. பச்சை நம்பர் பலகை

நான் மின்சாரக் கார் ஓட்டுபவன், இந்த வாதத்தில் எனக்குப் பங்கில்லை. இருந்தாலும் ஒரு கணக்கு. இன்று சந்தையில் இருக்கும் 998 சிசி டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒன்று 120 குதிரையும் 172 நியூட்டன் மீட்டரும் தருகிறது. பழைய சாவியின் அப்பா கார் லிட்டருக்கு 74 நியூட்டன் மீட்டர். இது 172. இரண்டு மடங்குக்கும் மேல். நீங்கள் வசதியான காரைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுகிறீர்கள்.

4. பழைய சாவி

டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுற்றும் ஒரு காற்று பம்ப். கூடுதல் காற்றைத் திணித்தால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். சிறிய எஞ்சினைப் பெரிய எஞ்சினாக நடிக்க வைக்கும் வேலை அது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டர்போவை எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 1989-இல் ஹோண்டா 1.6 லிட்டர் விடெக் எஞ்சினில் டர்போ இல்லாமலே 160 குதிரையைக் காட்டியது, அதுவும் தெருவில் ஓடும் காரில். இன்று டர்போ இல்லாத எத்தனை 1.6 லிட்டர் எஞ்சின்கள் அதைத் தொடுகின்றன?

பட்டறை ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அவர் சொல்வது உலோகமும் எண்ணெயும் வடிகட்டியும் மேம்பட்ட கதை. எஞ்சின் என்னும் கருத்து அப்படியே இருக்கிறது.

5. அளவுமானி

இந்த இழையைப் பார்க்காமல் தூங்கப் போயிருக்கலாம், பார்த்துவிட்டேன். நான் ஒரு நிறுவனத்தில் எஞ்சின் கேலிப்ரேஷன் வேலை செய்கிறேன். எளிமையாகச் சொன்னால், எந்த வேகத்தில், எந்தச் சுமையில், எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று எஞ்சினின் கணினிக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை.

நீங்கள் சொன்ன 1962 டர்போ காரையே எடுத்துக்கொள்வோம். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். அலுமினியத்தில் வார்த்த 3.5 லிட்டர் வி8 எஞ்சின், 215 குதிரை. டர்போ உள்ளே காற்றைத் திணிக்கும்போது சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் ஏறும். ஒரு எல்லைக்கு மேல் போனால், தீப்பொறியிலிருந்து புறப்பட்ட சுடர் வந்து சேருவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் வரும். விட்டுவைத்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஜெட்ஃபயரில் அமுக்க விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்ற எண், 10.25. டர்போவுக்கு அது மிக அதிகம். நாக்கிங்கைத் தடுக்க அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தொட்டியில் வைத்து, டர்போ அழுத்தம் ஏறும்போது எஞ்சினுக்குள் தெளித்தார்கள். அதற்கு டர்போ ராக்கெட் திரவம் என்று பெயரும் வைத்தார்கள். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், அல்லது அலுத்துப்போனார்கள். தொட்டி காலியானால் டர்போவை அடக்கி வைக்க ஏற்பாடு இருந்தது. உடனே கார் மந்தமானது. கடைசியில் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டே மாடல் ஆண்டுகளில் கதை முடிந்தது.

கருத்து இருந்தது. காது இல்லை.

இன்றைய டர்போ எஞ்சின் பிளாக்கில் ஒரு சிறிய போல்ட் அளவுக்கு நாக் சென்சார் ஒன்று இருக்கிறது. உலோகத்தின் அதிர்வைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாக்கிங்கின் முதல் முனகல் கேட்டதும் கணினி அந்தச் சிலிண்டருக்கான தீப்பொறியை ஓரிரு டிகிரி தாமதமாக்கும். அடங்கினால் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை எரிதல் நடக்கிறது. அத்தனையும் கேட்கப்படுகிறது. 1982-இல் சாப் நிறுவனம் இப்படிக் கேட்டு டர்போவை அடக்கும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் டர்போ என்பது பந்தயக்காரனின் பொம்மையாக இல்லாமல், அலுவலகத்துக்குப் போகிறவர் ஓட்டக்கூடிய பொருளானது.

ஆகவே 'எப்போது கண்டுபிடித்தார்கள்' என்ற பட்டியலை வைத்து முன்னேற்றத்தை அளந்தால் உங்களுக்கு எப்போதும் ஏமாற்றமே மிஞ்சும்.

6. வண்டலூர் வாசி

ஜெட்ஃபயர் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அலுமினிய வி8 குடும்பத்தின் பியூக் வடிவத்தைத்தான் 1960-களில் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் வாங்கியது. பிறகு ரோவர் எஸ்டி1 என்ற அழகான காரில் அதை வைத்தது. அந்தக் காரின் உடலைத்தான் 1985-இல் நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று தயாரித்தது.

வி8 எஞ்சினா வந்தது? இல்லை. 1940-களின் கடைசியில் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காருக்காக உருவான எஞ்சினின் 1,991 சிசி வடிவத்தை எடுத்து உள்ளே வைத்தார்கள். அந்த எஞ்சினின் உடன்பிறப்பு ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தது. வெளியே 1976-இன் வடிவம், உள்ளே உழவு மாட்டின் இதயம். 1988-க்குள் உற்பத்தி நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தக் கார் போவதைப் பார்த்து வாய்பிளந்து நின்றவன் நான். எஞ்சினைப் பற்றித் தெரிந்துகொண்டது இருபது ஆண்டுகள் கழித்து. கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அதே காலத்தில் தலைநகரில் 796 சிசி எஞ்சினோடு ஒரு சின்னக் கார் ஊரையே மாற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் முன்னேறியதா என்று கேட்பவர்கள் 1985-இல் அந்த இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்களைக் கேட்க வேண்டும்.

7. யாழ் மைனர்

இந்தியாவில் உள்ள உறவுகளுக்கு வணக்கம். எங்கள் வீட்டில் இன்றும் ஒரு மொரிஸ் மைனர் இருக்கிறது. இந்தக் கதைக்கு எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு சாட்சி சொல்கிறேன்.

1990-இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது போத்தலில் அளந்து விற்கும் மருந்தாகிவிட்டது. அப்போது எங்கள் கார்கள் எதில் ஓடின? மண்ணெண்ணெயில். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, எல்லாம். காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்வோம். என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். பின்னால் வெள்ளைப் புகை, தெரு முழுக்க விளக்கு வாசம். என்ஜின் தட்டும், இருமும், ஆனால் ஓடும். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அதில்தான் போனார்கள்.

இப்போது கொழும்பில் என் மகன் ஹைபிரிட் ஓட்டுகிறான். ஒரு லீற்றருக்கு என் மைனர் போகும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு போகிறது, சத்தமே இல்லை. நல்ல கார்தான். ஆனால் அந்த என்ஜினுக்கு மண்ணெண்ணெயைக் காட்டினால் என்ன ஆகும் என்று அவனிடம் கேட்டேன். 'அப்பா, அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்' என்றான். முன்னேற்றம் எந்தத் திசையில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

8. அளவுமானி

யாழ் மைனர் ஐயா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். உங்கள் சாட்சியில் இந்த வாதத்தின் சாவி இருக்கிறது.

மைனர் ஏன் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டது? அமுக்க விகிதம் குறைவு என்பதால். கலவையை மென்மையாக அமுக்கினால் மட்டமான எரிபொருளும் அவ்வளவு சீக்கிரம் தட்டாது. ஆனால் மென்மையாக அமுக்கும் எஞ்சின் எரிபொருளின் சூட்டிலிருந்து குறைவான வேலையைத்தான் எடுக்கும். நூறாண்டு எஞ்சின் வரலாற்றை இந்த ஒரே எண்ணை வைத்துச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி.

1908-இல் ஃபோர்டு மாடல் டி: 2.9 லிட்டர், 20 குதிரை, அமுக்க விகிதம் நான்கரையை ஒட்டி. அன்றைய பெட்ரோல் அதற்கு மேல் தாங்காது. 1921-இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தால் நாக்கிங் அடங்கும் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு விகிதம் ஏறத் தொடங்கி, 1960-களில் அமெரிக்கக் கார்களில் 10-ஐத் தொட்டது. அதற்கு விலை கொடுத்தது எஞ்சின் அல்ல, குழந்தைகளின் ரத்தம். ஈயம் அங்கேதான் போய்ச் சேர்ந்தது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது 2021-இல்.

1970-இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் வந்தது. ஈயத்தை எடுத்ததும் விகிதம் எட்டுக்கு இறங்கியது. அந்தக் காலத்து எஞ்சின்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1976 காடிலாக் எல்டொராடோ: 8.2 லிட்டர், 190 குதிரை. லிட்டருக்கு 23. பட்டறை ஐயாவின் அம்பாசிடர் லிட்டருக்கு 33. அளக்கும் முறையில் வேறுபாடு உண்டு என்றாலும் காடிலாக்கை அம்பாசிடர் வென்ற ஒரே போட்டி இதுவாகத்தான் இருக்கும்.

பிறகு சென்சாரும் கணினியும் வந்தன. விகிதம் மறுபடி ஏறியது. ஈயம் இல்லாமலே 10, 11. மாஸ்டா 2011-இல் 14 வரை கொண்டுபோனது. இன்று நல்ல ஹைபிரிட் எஞ்சின்கள் பெட்ரோலின் சூட்டில் 40 சதவீதத்தைச் சக்கரத்துக்கான வேலையாக மாற்றுகின்றன, அதுவும் அவற்றுக்குப் பிடித்த வேகத்திலும் சுமையிலும் ஓடும்போது. 2017-இல் மெர்சிடீஸ் தன் ஃபார்முலா 1 எஞ்சின் சோதனைக்கூடத்தில் 50-ஐத் தாண்டியது என்று அறிவித்தது. நகர நெரிசலில் நம் கார்கள் இதில் பாதியைக்கூட எடுப்பதில்லை என்பது வேறு சோகம். ஹைபிரிட் செய்யும் வேலையே எஞ்சினை அந்தச் சோகத்திலிருந்து காப்பாற்றுவதுதான்.

9. பழைய சாவி

அருமை. ஆனால் என் கொட்டகையில் நிற்கும் காருக்கு வாருங்கள். 14-உம் இல்லை, ஹைபிரிட்டும் இல்லை. அதே 796. அதில் என்ன முன்னேறியது? பத்து நியூட்டன் மீட்டரா?

இன்னொன்றும் உண்டு. இந்த எஞ்சின் பிஎஸ்4 என்ற புகை விதியில் இருந்தபோது நிறுவனம் சொன்ன மைலேஜ் 24.7. பிஎஸ்6-க்கு மாற்றியதும் 22.05. முன்னேற்றத்தில் இரண்டரைக் கிலோமீட்டர் காணாமல் போயிருக்கிறது.

10. அளவுமானி

நீங்கள் காணாமல் போனதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அது எங்கே போனது என்று பார்க்கவில்லை.

இந்தியாவில் 1991-இல் முதன்முதலாக பெட்ரோல் கார்களுக்குப் புகை விதி வந்தது. கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை கார்பன் மோனாக்சைடு விடலாம் என்றது, காரின் எடைக்கு ஏற்ப. அது விதி வந்த பிறகு. உங்கள் அப்பா கார் அதற்கும் முந்தியது. 2020-இன் பிஎஸ்6 விதியில் அதே அளவு 1 கிராம். முன்பு ஒரு கார் விடலாம் என்ற அளவை இன்று பதினான்கு கார்களாவது சேர்ந்தால்தான் எட்ட முடியும். எரியாமல் போகும் பெட்ரோல் ஆவியும் அதே போலத்தான் குறைந்திருக்கிறது.

கார்புரேட்டரால் இதைச் செய்யவே முடியாது. புகைக் குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றி, கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு என்ற மூன்று நச்சுகளையும் ஒரே நேரத்தில் அழிக்க வேண்டுமானால், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை விட்டு எஞ்சின் நகரக் கூடாது. ஊசிமுனை அளவு இடம். 1976-இல் வால்வோ காரில் ஆக்சிஜன் சென்சார் வந்தது. புகையில் மீதமிருக்கும் ஆக்சிஜனை அது மோப்பம் பிடித்துச் சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். நம் ஊரில் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. எஞ்சினுக்குள் கணினி வந்தது குதிரைக்காக அல்ல, மூக்குக்காக. குதிரைகள் பின்னால் இலவசமாக வந்தவை.

11. மஞ்சள் பலகை

நான் வாடகைக் கார் ஓட்டுபவன். பெட்ரோல் எஞ்சினைப் பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். டீசலைப் பார்த்தால் பழைய சாவி ஐயாவின் வாதம் முதல் பதிவிலேயே முடிந்திருக்கும்.

என் பெரியப்பா டீசல் அம்பாசிடர் ஓட்டினார். 1,489 சிசி. நாற்பது குதிரைகூட இல்லை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு போனால் முதல் கியரில் புகை விட்டுக்கொண்டே போவார். பின்னால் வரும் பஸ்காரர் திட்டுவது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

நான் ஓட்டியது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல். எத்தனை நிறுவனங்களின் கார்களில் அது இருந்தது என்று எண்ணி முடியாது. அதனால் அதை 'இந்தியாவின் தேசிய எஞ்சின்' என்றே வேடிக்கையாகச் சொல்வார்கள். அம்பாசிடர் டீசலைவிடச் சிறியது. 75 குதிரை, 190 நியூட்டன் மீட்டர். ஒரே எஞ்சினில் மூன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத்தான் விற்றேன். ஏற்காட்டில் மூன்றாவது கியரில் ஏறும், ஏசி போட்டபடி.

12. பழைய சாவி

சரி, டீசலில் தோற்றேன். எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அது எப்படி நடந்தது என்று யாராவது இரண்டு வரியில் சொல்லுங்கள்.

13. அளவுமானி

பழைய டீசலில் பம்ப் ஒன்று எஞ்சின் சுற்றுக்கு ஏற்ப அழுத்தி அனுப்பும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தம் குறைவு, துளி பெரிது, அரைகுறையாக எரியும், கரும்புகை. காமன் ரயில் முறையில் ஒரு பொதுக் குழாயில் எப்போதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் டீசல் காத்திருக்கும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மின்சாரம் திறக்கும். ஒரே எரிதலுக்குள் முதலில் ஒரு சிட்டிகை, பிறகு பெரும்பங்கு, தேவையானால் இன்னொரு சிட்டிகை என்று பிரித்துத் தரலாம். பழைய டீசலின் கடகடச் சத்தம் குறைந்ததற்கும் அந்த முதல் சிட்டிகைதான் காரணம். கார்களில் இந்தக் காமன் ரயில் முறை 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156-இல்தான் முதலில் விற்பனைக்கு வந்தது.

மஞ்சள் பலகை அண்ணனின் எஞ்சின் நம் ஊரில் 2020-இல் பிஎஸ்6 விதியோடு முடிந்துபோனது. சின்னக் காரின் டீசல் புகையைச் சுத்தம் செய்யும் செலவு காரின் விலைக்குப் பொருந்தவில்லை. முன்னேறிய எஞ்சினும் சாகும்.

14. கோவைப் பட்டறை

எல்லாரும் சென்சாருக்கு மாலை போட்டு முடித்துவிட்டால் நான் ஒரு குறையைச் சொல்கிறேன்.

போன ஆனியில் சத்தியமங்கலம் திம்பம் மலையில் இரவு பத்து மணிக்கு என் மைத்துனர் கார் நின்றுவிட்டது. எந்த நிறுவனத்துக் கார் என்பது வேண்டாம். கிராங்க் எங்கே நிற்கிறது என்று கணினிக்குச் சொல்லும் சென்சார் போய்விட்டது. சுண்டு விரல் அளவுப் பொருள். அது பேசாவிட்டால் கணினிக்கு எப்போது தீப்பொறி விடுவது என்று தெரியாது. பெட்ரோல் இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, எஞ்சின் பொன்னாக இருக்கிறது. கார் பிணம். கர்நாடக எல்லையிலிருந்து வந்த லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள்.

அம்பாசிடரிலும் ரோட்டர் வெடித்து நின்றிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் டேஷ்போர்டு பெட்டியில் ஒரு ரோட்டர், ஒரு கண்டென்சர், ஒரு செட் பாயிண்ட் வைத்திருப்போம். டார்ச் வெளிச்சத்தில் கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டுப் போவோம். இப்போது கார் நிற்பது பத்தில் ஒன்றாகக் குறைந்திருக்கலாம். ஆனால் நின்றால் நின்றதுதான். இன்னும் ஒன்று: எண்ணெயில் ஊறியபடி ஓடும் டைமிங் பெல்ட் என்று ஒரு புது யோசனை வந்திருக்கிறது. பெல்ட் உதிர்ந்து எண்ணெய்ச் சல்லடையை அடைக்கிறது. நல்லா ஓடிக்கொண்டிருந்த செயினை எடுத்துவிட்டு இதை வைக்கச் சொன்னது யார் என்று அளவுமானி தம்பி சொல்லட்டும்.

15. அளவுமானி

உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது கணக்கு. எண்ணெயை நேரத்துக்கு மாற்றாதவர்களும், கிடைத்த எண்ணெயை ஊற்றுபவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. அதற்கு நான் வக்கீல் அல்ல ஐயா.

பழைய சாவிக்கு ஒரு வேண்டுகோள். காகிதத்தை வைத்துவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். காலையில் இரண்டு கார்களும் குளிர்ந்திருக்கும்போது கொட்டகைக்கு வெளியே, நன்றாகக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். மூடிய இடத்தில் வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. இரண்டையும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றின் பின்னாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.

16. பழைய சாவி

செய்தேன். நேர்மையாக எழுதுகிறேன்.

அப்பா காரில் சோக்கை முழுக்க இழுத்து மூன்றாவது முயற்சியில் ஸ்டார்ட் ஆனது. பின்னால் நின்றேன். அரை நிமிடத்தில் கண் எரிந்தது, தொண்டை கமறியது. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்து, 'மாமா வண்டியா? அந்த வாசம்தான்' என்றாள். பதினைந்து ஆண்டுக்கு முன் தெரு முழுக்க இந்த வாசம்தான் இருந்தது, நாம் கவனிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

என் காரின் பின்னால் நின்றேன். முதலில் லேசாக ஒரு நெடி. ஒரு நிமிடம் கழித்து ஒன்றுமில்லை. குழாயிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர்.

ஆனால் இதில் என் கைவேலையும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். போன ஆண்டு அப்பா காரில் ஐட்லிங் துள்ளத் தொடங்கியது. எஞ்சின் அடிக்கடி அணைந்தது. இணையத்தில் பார்த்து, கலவையில் பெட்ரோல் கூடும்படி நானே கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகினேன். துள்ளல் நின்றது, அப்படியே விட்டுவிட்டேன்.

17. கோவைப் பட்டறை

அப்படிச் சொல்லுங்கள். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குக்கு வந்த பிறகு கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். எத்தனாலுக்குக் குறைந்த காற்று போதும். பழைய அளவில் விட்டால் கலவை மெலிந்து துள்ளும். உங்கள் புதுக் கார் புகையை மோந்து பார்த்துத் தானாகவே பெட்ரோலைக் கூட்டிக்கொண்டது, உங்களுக்குத் தெரியவும் இல்லை. அப்பா காருக்கு மூக்கு நீங்கள்தான். எத்தனை சுற்று திருகினீர்கள்?

18. பழைய சாவி

ஒன்றரை. இரண்டாகவும் இருக்கலாம்.

19. கோவைப் பட்டறை

இரண்டு சுற்று! கண் எரியாமல் என்ன செய்யும்?

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள், எஞ்சின் சூடாகவே இருக்கட்டும். பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்துவிட்டுக் காதால் கேட்டு வைத்துத் தருகிறேன். பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களையும் பார்க்க வேண்டும். பழைய ரப்பரை எத்தனால் ஊற வைத்துப் பிசுபிசுக்கச் செய்துவிடும், விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். அதுவரை கொட்டகைக்குள் வைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அந்தச் சோக்குக் கேபிளையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள், பாதியில் சிக்கினால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.